ராசம்மாவின் பெயரில் பதினொரு வருடம்

பூரணிக்கு ஐம்பத்திரண்டு வயது. இடது முழங்கால் தேய்ந்திருந்தது. வலது தோளைக் காலையில் அரைமணி நேரம் தூக்க வராது. மற்றபடி ஆள் திடம்தான். ஹட்டனிலிருந்து வரும் பஸ் திரும்பிப் போகிற ஒரு சின்ன டவுனில், பிரதேச சபையின் துப்புரவுத் தொழிலாளியாகப் பதினொரு வருடம் வேலை பார்த்திருந்தாள். அந்தப் பதினொரு வருடத்தில் ஒரு நாள்கூட அவள் பெயரில் இல்லை. எல்லாம் அக்கா ராசம்மாவின் பெயரில் இருந்தது.

இதில் தப்பு இருப்பதாக அவளுக்குத் தோன்றியதே கிடையாது. அவள் பிறந்த தேயிலைத் தோட்டத்தில் பேர் பதிவது பெரிய காரியம். பதிந்த பேரை வெட்டிவிட்டால் வேலையும் போகும், குடியிருக்கும் லயத்துக் காம்பராவும் கேள்விக்குறியாகும். அதனால் அம்மா படுத்துவிட்டால் மகள் அம்மா பேருக்கு மலைக்குப் போவாள். அக்காவுக்குப் பிரசவம் என்றால் தங்கச்சி அக்கா பேருக்குக் கூடையைத் தூக்குவாள். கங்காணிக்கும் தெரியும், கணக்கப்பிள்ளைக்கும் தெரியும். கொழுந்து வந்து சேர்ந்தால் சரி, யார் விரல் கிள்ளியது என்று யாரும் கேட்பதில்லை.

ராசம்மா சபையில் நாட்கூலிக்கு அமையத் தொழிலாளியாகச் சேர்ந்து எட்டு மாதத்தில் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் புறப்பட்டாள். போகிற அன்று துடைப்பத்தையும் சபை கொடுத்த மழைச் சட்டையையும் தங்கையின் கையில் கொடுத்தாள்.

"ரெண்டே வருசம். பேரு மட்டும் வெட்டுப்படாம பாத்துக்க. வந்து நா புடிச்சுக்கிறேன்."

"கையெழுத்து கேப்பாங்களேக்கா?"

"என்னைய மாதிரி போடு. நாலு எழுத்து, ஒனக்கு வராதா?"

வந்தது. ஒரு வாரம் பழைய கொப்பியொன்றில் எழுதிப் பழகினாள். இரண்டு வருடம் ஐந்தானது, ஐந்து பத்தானது. ராசம்மா ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீடு, அங்கிருந்து இன்னொன்று என்று அங்கேயே இருந்துவிட்டாள். சபையின் பிரதான லிகிதர் ஜெயகாந்தன் காலையில் வரவுப் பதிவேட்டை விரித்து "ராசம்மா" என்று கூப்பிடுவார். பூரணி "இருக்கேங்க" என்று சொல்லிக் கையெழுத்துப் போடுவாள். ஐந்து நிமிடம் கழித்து அதே ஜெயகாந்தன் ஜன்னலால் எட்டிப் பார்த்து, "பூரணி, ஒரு பிளேன்டீ சொல்லிட்டுப் போங்க" என்பார். இரண்டு பேருக்கும் இதில் ஒருநாளும் குழப்பம் வந்ததில்லை.

வேலை ஐந்தரைக்குத் தொடங்கும். பஸ் நிலையத்திலிருந்து மயானச் சந்தி வரைக்கும் கூட்ட வேண்டும். ஆறு பத்துக்கு ஹட்டன் பஸ் உள்ளே வரும்போது மஸ்கெலியா பஸ் வெளியே போகும். இரண்டுக்கும் நடுவில் ஒரு லொறி மாட்டிக்கொண்டால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் எட்டரை வரைக்கும் ரோட்டில் நிற்பார்கள். பிரதான வீதியை ஒருவழிப் பாதையாக்கும் தீர்மானம் சபையில் நிறைவேறி ஆறு வருடமாகிவிட்டது. அதற்கான அறிவிப்புப் பலகை வாங்கும் கோரிக்கைதான் மேசை மாறிக்கொண்டிருந்தது. அதுவரைக்கும் பூரணியின் துடைப்பமே பலகை. அதைக் குறுக்கே நீட்டினால் லொறிக்காரன் நிற்பான். ஏசிக்கொண்டுதான் நிற்பான், ஆனாலும் நிற்பான்.

பத்து மணிக்குப் பிறகு அவளைப் பதிவறைக்குக் கூப்பிடுவார்கள். ஒரு மழைக் காலத்தில் கூரைத் தகடு கழன்று கடை அனுமதிப்பத்திரக் கோப்புகள் எல்லாம் நனைந்துவிட்டன. அவளே வெளியே தூக்கி, வராந்தாவில் கயிறு கட்டி, நான்கு நாள் உலர்த்தினாள். திருப்பி அடுக்கச் சொன்னபோது இலக்கங்கள் பாதி கரைந்திருந்தன. சிங்களம் பேசுவாளே தவிர வாசிக்க வராது. அதனால் வீதியில் கடைகள் நிற்கிற வரிசையிலேயே கோப்புகளை நிறுத்தினாள். மேல் தட்டு கோயில் பக்கம், கீழ்த் தட்டு பள்ளிவாசல் பக்கம். சலூனுக்குப் பக்கத்தில் பேக்கரி, பேக்கரிக்குப் பக்கத்தில் மருந்துக்கடை. கடை கைமாறினால் கோப்பும் இடம் மாறும். அதற்குப் பிறகு சபையில் எந்தக் கடையின் காகிதம் வேண்டுமென்றாலும் பூரணியைத்தான் கூப்பிட வேண்டியிருந்தது.

ஜனவரியில் அனுமதிப்பத்திரம் புதுப்பிக்க வருகிறவர்களில் பலசரக்குக் கடை நூர்தீன்தான் எப்போதும் முதல் ஆள்.

"என்ட பைல் ஈக்கா பூரணி, இல்லாட்டி எலி கொண்டு போய்ட்டா?"

"எலி ஒங்க பைல தொடாது மொதலாளி. ஒங்க கடை மாசிக் கருவாட்ட தின்னு அதுக்கு வகுறு சரியில்ல."

"நல்ல மாசி அது. மாலைதீவுல ஈந்து வாறது."

"அதான், வர்ற வழியில செத்துப்போச்சோ என்னமோ."

மூன்று நிமிடத்தில் கோப்பு கவுண்டருக்கு வந்துவிடும். நூர்தீன் சிரித்துக்கொண்டே போவார்.

போன மார்ச் மாதத்தில் ஒரு நாள் ஜெயகாந்தன் அவளை உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். மேசையில் மாகாணக் காரியாலயத்திலிருந்து வந்த கடிதம் இருந்தது.

"நல்ல செய்திதான்" என்றார். அவர் முகத்தில் நல்லது எதுவும் தெரியவில்லை. "ராசம்மாவுக்கு நிரந்தர நியமனம் வந்திருக்கு. அறுவது வயசு வரைக்கும் வேல. பொறகு பென்சன்."

பூரணி கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். "நாந்தானேங்க ராசம்மா?"

"பதிவேட்டுல சரி. வாசல்ல மாட்டியிருக்கே புது மெசின், அதுக்கு வெரல் வேணும். ஐடென்டி காட்டும் வெரலும் ஒரே ஆளா இருக்கணும். இருபத்தெட்டாந் தேதி செயலாளர் முன்னுக்கு ரெண்டையும் காட்டணும். அன்னைக்கு ஆளு வரலன்னா பேர வெட்டிருவாங்க."

"நாந்தான் வேல பாத்தேன்னு எழுதிக் குடுத்தா? டவுனே சொல்லுமே ஐயா."

"சொல்லும். அப்ப பதினொரு வருசம் எவன் கண்ண மூடிக்கிட்டுக் கையெழுத்து வாங்குனான்னும் கேப்பாங்க." அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "எனக்கு இன்னும் ஏழு மாசம் சர்வீஸ் இருக்கு பூரணி."

ஜெயகாந்தன் கெட்ட மனிதர் இல்லை. அவள் முழங்காலுக்கு மருந்து எடுக்கக் கிளினிக்குக்குப் போன நாட்களில் வரவு போட்டவர் அவர்தான். அவளுடைய பதினொரு வருடம் அவருடைய இரக்கத்தாலும் ஓடியது. அந்த இரக்கமே இப்போது அவர் வாயைக் கட்டியிருந்தது. பூரணி அதைப் புரிந்துகொண்டாள். புரிந்துகொண்டாலும் வேலையை விடுவதாக இல்லை. ஐம்பத்திரண்டு வயதில் இதைவிட்டால் அவளுக்கு வேறு வேலை கிடைக்கப்போவதில்லை. புருசன் போய்விட்டார். மகள் நிலக்ஷி கொழும்பில் துணிக்கடையொன்றில் நிற்கிறாள். மகளுக்கே அங்கே ஒரு பலகை அறைக்குள் மூன்று பேரோடுதான் வாழ்க்கை.

அன்று சாயங்காலம் நூர்தீனின் கடையில் விஷயத்தைச் சொன்னாள். அவர் சீனி நிறுப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"எழுதுவோம். புது செயலாளர் நல்ல மனிசன்னு பேச்சு. நான் சாட்சி சொல்றன்."

"ஜெயகாந்தன் ஐயாவுக்குக் கரச்சல் வந்துருமே மொதலாளி."

"ஒங்கட வயிறு எரியக்குள்ள அவர்ட வயித்தப் பாக்கவா? எழுதுங்க."

அவர் மகள் ரிஸ்னா பள்ளிக்கூட டீச்சர். ஒரு பக்கத்துக்குச் சிங்களத்தில் விண்ணப்பம் எழுதித் தந்தாள். பூரணியாகிய நான், இன்ன வருடத்திலிருந்து, என் சகோதரியின் பெயரில், இந்த வேலையைச் செய்து வந்தேன். வேறு நோக்கம் இல்லை. இரண்டாவது பக்கத்தில் முப்பத்தொரு கடைக்காரர்கள் ஒப்பமிட்டார்கள். பள்ளிவாசல் பக்கம் முழுவதும், கோயில் பக்கத்தில் மூன்று கடை தவிர மற்றதெல்லாம்.

செயலாளர் வந்து நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. மெலிந்த ஆள், மேசையில் தண்ணீர்ப் போத்தலைத் தவிர எதையும் வைத்துக்கொள்வதில்லை. விண்ணப்பத்தை இரண்டு தடவை வாசித்தார். ஜெயகாந்தனையும் உள்ளே கூப்பிட்டார். பூரணி உட்காரவில்லை. முழங்கால் வலித்தது, ஆனாலும் உட்காரவில்லை.

"அம்மே, இதெல்லாம் உண்மையா?" என்று சிங்களத்தில் கேட்டார்.

"உண்மை மாத்தயா."

அவர் ஜன்னல் பக்கம் பார்த்தார். வெளியே லொறியொன்று ஹோன் அடித்துக்கொண்டிருந்தது. "இப்படியொன்றை நான் மாகாணத்துக்கு அனுப்பிப் பார்க்கலாம்" என்றார் மெதுவாக. "விசாரணை வரும். யாருக்கும் நல்ல பெயர் கிடைக்காது. ஆனால் வேலை செய்த ஆள் யார் என்று எழுத்தில் வந்துவிடும். அதற்குப் பிறகு அவர்கள் தீர்மானிக்கட்டும்." காகிதத்தைத் திருப்பி அவள் பக்கம் தள்ளினார். "இதில் உங்கள் ஒப்பம் இல்லை. என் முன்னால் போடுங்கள்."

கடைக்காரர்களிடம் வாங்குகிற அவசரத்தில் அவளுடையதை விட்டுவிட்டார்கள். பூரணி பேனையை எடுத்தாள். இந்தக் கட்டிடத்தில் யாரும் அவளிடம் அவள் சொந்த ஒப்பத்தைக் கேட்டதில்லை. கோடு போட்ட இடத்தைக் கண்டுபிடித்து, சரசரவென்று ஒப்பமிட்டு, காகிதத்தை அவர் பக்கம் திருப்பினாள்.

செயலாளருக்குத் தமிழ் வாசிக்க வராது. ஆனால் அந்த ஒப்பத்தை அவர் எங்கேயோ பார்த்திருந்தார். கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு ஜெயகாந்தனிடம் நீட்டினார்.

"என்ன எழுதியிருக்கிறது?"

ஜெயகாந்தன் கண்ணாடியைச் சரிசெய்தார்.

"ராசம்மா, சேர்."

பூரணி குனிந்து பார்த்தாள். ரா, ச, ம், மா. கடைசி எழுத்துக்குக் கீழே அக்கா போடுகிற கோடுகூட இருந்தது. மேலே, ரிஸ்னாவின் அழகான எழுத்தில், பூரணியாகிய நான். கீழே ராசம்மா. தன் சொந்தக் கையெழுத்தைக் கடைசியாக அவள் போட்டது புருசனின் மரணப் பதிவில். அது எட்டு வருடத்துக்கு முன்பு. இது நாள் தவறாமல் போட்டது.

"கை பழகிப்போச்சு மாத்தயா. வேற பேப்பர் எழுதிக்கிட்டு வர்றேன்."

"கொண்டுவரலாம். ஆனால் நான் இதைப் பார்த்துவிட்டேனே." அவர் கோபப்படவில்லை, அதுதான் மோசம். "என் முன்னாலேயே வேறு பெயரில் ஒப்பமிட்ட இந்தக் காகிதத்தோடு அனுப்பினால் ஆள்மாறாட்டம் என்று நேராகப் பொலிசுக்குப் போகும். இது இல்லாமல் அனுப்பினால் நான் மறைத்தவன் ஆவேன். எடுத்துக்கொண்டு போங்கள் அம்மே. நான் எதையும் வாசிக்கவில்லை."

அவள் எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். வராந்தாவில் ஜெயகாந்தன் பின்னாலேயே வந்தார்.

"பூரணி, நா வேணும்னு சொல்லல."

"தெரியுங்க. அதுல அப்படித்தானே எழுதியிருந்துச்சு."

மறுநாள் லீவு சொல்லிவிட்டுக் கொத்மலைக்குப் பஸ் ஏறினாள். குவைத்திலிருந்து போன வருடம் திரும்பிய ராசம்மா அங்கே ஒரு தோட்டத்தில் மகன் வீட்டில் இருந்தாள். ஏணியிலிருந்து விழுந்ததில் முதுகெலும்பில் ஒரு வட்டு விலகி, குவைத் வீட்டுக்காரர்கள் விமானத்தில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். மருமகள் சோறு போடுவாள், பேசமாட்டாள். ராசம்மா சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்து வந்து தங்கையின் பக்கத்தில் நின்றாள். உட்கார்ந்தால் எழும்ப ஆள் வேண்டும்.

பூரணி எல்லாவற்றையும் சொன்னாள். கடிதம், மெசின், ஒப்பம், எதையும் விடவில்லை. ராசம்மா ஒப்பத்தைப் பற்றிக் கேட்டபோது சிரித்துவிட்டாள். பிறகு சிரிப்பு நின்றுபோய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அந்தக் கோட்டயுமா போட்ட?"

"போட்டேன்."

"நா போகலடி. நீ ஒழச்சது. நா போயி அதுல குந்திக்கிட்டா நல்லாவா இருக்கும்?"

"நீ போகலன்னா எனக்கா குடுக்கப் போறாங்க?"

"இல்லதான்."

"இருவத்தெட்டுக்கு ஆளு வரலன்னா பேர வெட்டிருவாங்க."

அந்தச் சொல் இரண்டு பேருக்கும் பழையது. அவர்கள் அம்மா கடுங்காய்ச்சலில் கிடந்த நாட்களில்கூட, காலையில் தோட்டத்தில் பேர் கூப்பிடும் நேரமானால், "யாராச்சும் பெரட்டுக்குப் போங்கடி, பேர வெட்டிருவான்" என்றுதான் முனகிக்கொண்டிருந்தாள். பெயர் யாருடையது என்பது வேறு விஷயம். வெட்ட விடக்கூடாது. அதைத் தவிர இருவருக்கும் வேறு படிப்பு கிடையாது.

"ஐடென்டிய எடுத்துக்க" என்றாள் பூரணி. "துணி ரெண்டு போதும். ஏங்காம்பராவுலயே இரு. கெளம்பு."

இருபத்தெட்டாம் தேதி ராசம்மாவின் விரலை மெசின் எடுக்கவில்லை. பத்து வருடம் கழிப்பறைத் திராவகத்தில் ஊறி ரேகை தேய்ந்திருந்தது. இரண்டு தடவை சிவப்பு விளக்கு எரிந்தது. வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். ஓரமாக நின்ற பூரணி வந்து, அக்காவின் கையைப் பிடித்து, பெருவிரலைச் சேலைத் தலைப்பால் துடைத்து, தன் கழுத்து வேர்வையைத் தொட்டு அதில் தடவினாள்.

"அமத்தாத. சும்மா வையி."

பச்சை விளக்கு எரிந்தது. செயலாளர் குனிந்து ஏதோ எழுதினார். பூரணியை அவர் பார்க்கவில்லை. ராசம்மாவுக்குப் புதிய மழைச் சட்டையும் கழுத்தில் தொங்கவிடும் அட்டையும் கொடுத்தார்கள்.

முதல் வாரம் பூரணி விடியற்காலையில் கூடவே போய்ப் பாதி வீதியைக் கூட்டிக் கொடுத்தாள். ஆறாம் நாள் பஸ் நிலையத்துக் கமராவில் பார்த்திருக்கிறார்கள். வெளியாள் சபையின் துடைப்பத்தைத் தொடக்கூடாது, விழுந்து அடிபட்டால் யார் பொறுப்பு என்று எழுத்தில் வந்தது. ஜெயகாந்தன் அதை வாசித்துக் காட்டியபோது அவளை "நீங்க" என்றும் சொல்லவில்லை, "பூரணி" என்றும் சொல்லவில்லை. சுவர் பக்கம் திரும்பி நின்று வாசித்தார்.

கோப்புகளுக்காவது தன்னைத் தேடுவார்கள் என்று அவள் நினைத்திருந்தாள். பயிற்சிக்கு வந்த இரண்டு பிள்ளைகள் மூன்று நாளில் எல்லாவற்றையும் இலக்கப்படி அடுக்கி, ஒரு கணினியிலும் ஏற்றிவிட்டார்கள். நன்றாகவே அடுக்கினார்கள். நூர்தீனின் கோப்பு இப்போது இரண்டு நிமிடத்தில் கிடைக்கிறது. மே மாதத்தில் ஒருவழிப் பாதைப் பலகையும் வந்து சேர்ந்தது. லொறிகள் அதற்கு நிற்கின்றன, ஏசாமல்.

தோட்டத்தில் பேர் பதியக் கேட்டாள். ஐம்பதுக்கு மேல் பதிவதில்லை என்றார்கள். கைக்காசுக்குக் கொழுந்து எடுக்கலாம், நிறுத்த கிலோவுக்கு ஏற்றபடி கையில் தருவார்கள், மழைக்கு நின்றால் ஒன்றுமில்லை. அவள் போகிறாள். தோள் தூக்க வராத காலையில் பிந்திப் போகிறாள். பிந்திப் போனால் நல்ல மலை கிடைக்காது, முற்றிய செடிதான்.

ராசம்மா மாலை நான்கரைக்கு வருவாள். வாசற்படி மூன்றையும் ஏறுவதற்குப் பத்து நிமிடம். வேலைக்கு மூன்று வருடம் தகுதிகாண் காலம். அதற்குள் சொல்லாமல் கொள்ளாமல் நின்றால் நியமனம் ரத்து. அதனால் அடுத்த நாள் அவளை எழுப்பி நிறுத்துவது பூரணியின் வேலையாகிவிட்டது. மலையிலிருந்து வந்ததும் முகம் கழுவுவதற்கு முன்பே கல்லுப்பை வறுத்துத் துணியில் கட்டுவாள். கையில் வைத்துச் சூடு பார்த்துவிட்டு இடுப்பில் ஒற்றுவாள். ஒருக்களித்துப் படுக்க வைத்து முழங்கால்களுக்கு நடுவில் தலையணை கொடுப்பாள். எழும்பும்போது மல்லாக்கக் கிடந்து எழும்பக்கூடாது, பக்கவாட்டில் புரண்டு கையை ஊன்ற வேண்டும் என்று நூறு தடவை சொல்லியிருப்பாள்.

நேற்றும் அப்படித்தான். ராசம்மா பாயில் கிடந்தாள். காலில் மரமரப்பு தொடங்கியிருந்தது. இடது பெருவிரலைப் பூரணி கிள்ளியபோது அவளுக்குத் தெரியவில்லை.

"இது எப்ப இருந்து?"

"ஒரு வாரம் இருக்கும். சொன்னா ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கிட்டுப் போவ. லீவு எங்க இருக்கு?"

பூரணி மற்றக் காலையும் கிள்ளிப் பார்த்தாள். அதில் உணர்ச்சி இருந்தது. உப்புப் பொட்டலம் ஆறிவிட்டதால் எடுத்துப் போய் மறுபடி சூடுகாட்டிக்கொண்டு வந்தாள்.

"பூரணி."

"என்னா?"

"அறுவதுக்கு இன்னும் அஞ்சு வருசம் இருக்கு. இந்த இடுப்பு தாங்குமா?"

"தாங்காது" என்றாள் பூரணி. "அந்தப் பக்கம் திரும்பிப் படு."